சாண கேஸ் தொட்டிக்கு ஊறுகாய்ப் புல்

போன மாசிக் கடைசியில், பிசானம் அறுத்து முடித்த கையோடு எங்கள் ஊருக்கு ஒரு முகவர் வந்தார். கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்துப் பேசினார். நெல்லை விடுங்கள், நஞ்சையில் நேப்பியர் புல் நடுங்கள். ஒரு தடவை நட்டால் சில வருஷங்களுக்கு உழவு இல்லை, நாற்று இல்லை, நடவுக்கு ஆள் தேட வேண்டாம். நாங்களே வந்து அறுத்துக்கொள்வோம். அந்தப் புல்லை ஊறுகாய் போட்டு, பெரிய தொட்டியில் புளிக்க வைத்து, வருகிற வாயுவைச் சுத்தம் செய்து வண்டிக்கு எரிபொருளாக விற்போம். அவர் பேச்சின் சுருக்கம் இதுதான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அவர் சொன்ன தொழில்நுட்பத்தில் பொய் எதுவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் பக்கத்து வயல் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். கன்னடியன் கால் பாசனத்தில் அவனுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை.

"அண்ணாச்சி, நீங்கதான் வீட்டுல புல்லப் போட்டு கேஸ் எடுக்கியள்லா? அப்போ இது நல்லதுதான? நடவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் கேட்டது நியாயம். ஊரிலே சாணத்தோடு புல் ஊறுகாயையும் சேர்த்துத் தொட்டிக்குப் போடுகிறவன் நான் ஒருவன்தான். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, தொட்டியைக் காட்டி, என்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்று முழுசாகச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி முகவர் உங்கள் ஊருக்கும் வரலாம்.

அப்பா கட்டிய தொட்டி

எங்கள் வீட்டுத் தொட்டி 1986-ல் அப்பா கட்டியது. 1981-82-ல் மத்திய அரசு தேசிய சாண எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு ஊர் ஊராக மானியத்தில் கட்டினார்களே, அந்தக் காலத்தது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மாதிரி: தரைக்குள் கிணறு போலச் செங்கல் தொட்டி, மேலே மிதக்கும் டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே ஏறும், அடுப்பு எரிய எரிய இறங்கும். இரும்பு டிரம் துருவேறிப் போனதால் பிறகு ஃபைபர் டிரம்மாக மாற்றினோம்.

தொட்டியின் அளவு 2 கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் என்பது பழைய கணக்கு. அப்படியானால் எங்களுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ வேண்டும். அப்பா காலத்தில் தொழுவத்தில் மாடும் கன்றும் ஏர்க்காளையும் நின்றதால் அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஐந்து உருப்படி இருந்தவரை சமாளித்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரையில் இருக்கிற யாரும் மறக்க முடியாது. எங்களுக்கு வீடு தப்பியது, மாடு தப்பியது, வைக்கோல் படப்பு மட்டும் அடியோடு நனைந்து போயிற்று. பத்து நாளில் படப்புக்குள் கை வைக்க முடியாத சூடு, அப்புறம் கறுத்த பூஞ்சணம். விலைக்கு வாங்கிப் போட முடியவில்லை. அந்தத் தையில் மூன்று மாடுகளைக் கொடுத்துவிட்டோம். அதைப்பற்றி மேற்கொண்டு எழுத மனமில்லை.

மிஞ்சியது இரண்டு பசு. சாணம் 20 கிலோ தேறினால் அதிகம். காலையில் காப்பி போட்டு, உலை வைத்து இறக்குவதற்குள் டிரம் தரையைத் தொட்டுவிடும். "எய்யா, குழம்பு கொதிக்கதுக்குள்ள கேஸ் இறங்கிட்டு" என்று அம்மா தினமும் சொல்வாள். சிலிண்டர் வாங்கினோம். ஊரில் இதே மாதிரி தொட்டி வைத்திருந்தவர்களில் பலர் அதில் மண்ணை நிரப்பிவிட்டார்கள். ஒருவர் தென்னை வைத்திருக்கிறார், நன்றாகவே காய்க்கிறது. நானும் அந்த யோசனையில்தான் இருந்தேன்.

கன்னியாகுமரிக்குப் போனபோது விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் வளாகத்தில் 'சக்தி சுரபி' தொட்டியைப் பார்த்தேன். சமையலறைக் கழிவில் ஓடுவது. 25 கிலோ சாணம் கொடுக்கிற வாயுவை அங்கே ஐந்து கிலோ சோற்றுக் கழிவும் காய்கறிக் கழிவும் கொடுக்கிறது. காரணம் எளிது. சாணம் என்பது மாடு தின்று, செரித்து, சத்தை உறிஞ்சியது போக மிச்சம். மாவும் சர்க்கரையும் பச்சை இலையும் இன்னும் யாரும் செரிக்காதவை. புனேயில் ஆனந்த் கார்வே இதைத்தான் சொல்லிச் சின்னத் தொட்டிகளைப் பரப்பினார். நம் வீட்டில் சோறு மிஞ்சினால் கோழியும் நாயும் இருக்கின்றன. ஆனால் புல் மிஞ்சுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வரப்புப் புல் மிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். கோ-5 நேப்பியர் வாய்க்கால் ஓரத்தில் ஆள் உயரம் நிற்கும், இரண்டு மாடு எவ்வளவு தின்னும்? சித்திரையில் அதே வரப்பு காய்ந்து கிடக்கும். தொட்டியோ மாட்டைப் போல, தினமும் ஒரே அளவு தீனி கேட்கும். மழைக்காலப் புல்லைக் கோடைக்கு எடுத்துவைக்க ஊறுகாய் போடுவதுதான் வழி. கால்நடைத் துறைக்காரர்கள் மாட்டுத் தீவனத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே சைலேஜ் முறைதான். ஒன்று மட்டும் வேறு: தீவனத்துக்குச் சேர்க்கும் உப்பைத் தொட்டிக்குப் போகிற புல்லில் சேர்க்கக் கூடாது. உப்பு தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களுக்கு ஆகாது.

நான் செய்வது இப்படி. புல்லைப் பூக்குமுன் அறுத்து அரை நாள் வெயிலில் வாடவிடுவேன். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சாஃப் கட்டரில் ஒரு அங்குலத்துக்கு நறுக்குவேன். நூறு கிலோ புல்லுக்கு ஒன்றரைக் கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளித்துக் கலப்பேன். நேப்பியரில் சர்க்கரை குறைவு, அது இல்லாமல் சரியாகப் புளிக்காது. மக்காச்சோளத் தட்டை என்றால் வெல்லம் தேவையில்லை. பிறகு 200 லிட்டர் நீல டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு மிதிக்க வேண்டும். இங்கேதான் உழைப்பு. காற்று நின்றால் பூஞ்சணம், காற்றில்லாவிட்டால் ஊறுகாய். நன்றாக மிதித்தால் ஒரு டிரம்மில் 110 கிலோ வரை பிடிக்கும். மூடி போட்டு இறுக்கி 45 நாள் தொடக்கூடாது.

திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் பழைய சோற்று நீராகார வாடையும் இருந்தால் சரி. அங்கேயும் இங்கேயும் வேலை செய்வது ஒரே வகை லாக்டிக் அமில நுண்ணுயிர்கள்தான். கறுத்து, கொழகொழத்து, குமட்டினால் எருக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

தார் வெட்டின வாழை மரத்தையும் போட்டுப் பார்த்தேன். வாழை மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் நறுக்கி மூடினால் டிரம்முக்குள் சாறு கட்டி நிற்கிறது. காய்ந்த தட்டையோ கொஞ்சம் வைக்கோலோ கலந்தால்தான் ஆகிறது. நார் டிரம்மில் புளிக்கும், தொட்டிக்குள் போனபின் மேலே மிதந்து ஏடு கட்டும். கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். வடிகிற சாற்றை வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள். சாணத்தண்ணீரைவிடப் பல மடங்கு கடுமையானது, மீன் செத்து மிதக்கும். நான் ஒரு வாளியில் பிடித்து அதையே தொட்டிக்கு ஊற்றுகிறேன்.

ஆற்றில் மண்டிக் கிடக்கும் அமலையை ஏன் போடவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வாயு வரும். ஆனால் அமலை சாக்கடைத் தண்ணீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. தொட்டியில் உலோகம் அழியாது, ஸ்லரியோடு என் வாழைக்குத்தான் வந்து சேரும். நகரத்துச் சாக்கடை கலக்கிற இடத்துக்குக் கீழே எடுத்த அமலையை நான் தொடுவதில்லை.

மூன்று வாரம் விறகடுப்பு

முதல் டிரம்மைத் தையில் திறந்தேன். வாடை நன்றாக இருந்தது, எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் நாளே 25 கிலோ ஊறுகாயைக் கரைத்து ஊற்றினேன். மறுநாளும் 25. மூன்றாம் நாள் டிரம் கழுத்தளவு ஏறி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறாம் நாள் அடுப்பு பற்றவில்லை. டிரம் நிறைய வாயு இருக்கிறது, தீக்குச்சி வைத்தால் 'பக்'கென்று நீலமாக ஒரு தரம் எரிந்து அணைகிறது. வெளித்தொட்டியில் வந்த ஸ்லரி புளித்த மோர் மாதிரி நாறியது. அமிலச் சோதனைக் காகிதத்தை முக்கினேன். 7-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 5.5-ல் நின்றது.

நடந்தது இதுதான். தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் புல்லை உடைத்து அமிலமாக்கும், அவசரக்காரர்கள். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் கொடுக்கும். இவர்கள் மெதுவாகத்தான் பெருகுவார்கள், புளிப்பு அதிகமானால் வேலையை நிறுத்திவிடுவார்கள். ஊறுகாய்ப் புல் வரும்போதே புளித்து, கார அமில அளவு 4-ல் வருகிறது. நான் ஒரே மூச்சில் கொட்டியதில் மீத்தேன்காரர்கள் மூழ்கிவிட்டார்கள். டிரம்மை உயர்த்தியது கரியமில வாயு. அது எப்படி எரியும்?

தீனியை முழுதாக நிறுத்தினேன். பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்த சாண கேஸ் தொட்டியிலிருந்து பத்து வாளி ஸ்லரி கொண்டுவந்து ஊற்றினேன். சுண்ணாம்புத் தெளிநீர் கொஞ்சம் கொஞ்சமாக, தினம் காகிதம் முக்கிப் பார்த்துப் பார்த்து விட்டேன். சுண்ணாம்பையும் அவசரப்பட்டுக் கொட்டக் கூடாது. இருந்த வாயுவை அடிக்கடி திறந்துவிட்டேன். மூன்று வாரம் ஆனது, சுடர் நின்று எரிய. அந்த மூன்று வாரமும் சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வரத் தாமதமாகி, அம்மா விறகடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டினேன். முதல் வாரம் நாளுக்கு ஒரு கிலோ, அடுத்த வாரம் இரண்டு. இரண்டு மாதத்தில் 8 கிலோவுக்கு வந்து அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் 20 கிலோ சாணம், 8 கிலோ ஊறுகாய்ப் புல். கரைக்கப் புதுத் தண்ணீருக்குப் பதில் பாதிக்கு மேல் வெளியே வருகிற ஸ்லரியையே எடுக்கிறேன். தண்ணீரும் மிச்சம், நுண்ணுயிரும் திரும்பிப் போகிறது. டிரம்மைக் காலையும் மாலையும் ஒரு சுற்று திருப்பிவிட்டால் மேலே கட்டும் ஏடு உடையும். தீனபந்து மாதிரி, மேலே செங்கல் கூரை போட்ட தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. நார் ஏடு கட்டினால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும், அது உயிருக்கு ஆபத்து. அவர்கள் புல் போடாமல் இருப்பதே நல்லது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இலைதழைக்கென்றே படுக்கை வசத்தில் நீளமான தொட்டி வடிவமைத்ததும் இந்த மிதக்கும் தொல்லைக்காகத்தான்.

சாணத்தை அறவே விட்டுவிட்டுப் புல்லிலேயே ஓட்டலாமா என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட், நிக்கல் போன்ற நுண்சத்துகள் தேவை. சாணத்தில் அவை இருக்கின்றன, புல் ஊறுகாயில் போதாது. வெளிநாட்டு ஆலைகள் மூட்டையில் வாங்கிக் கலக்கின்றன. நமக்கு இரண்டு பசு போதும்.

பலன்? முன்பு ஒற்றை அடுப்பு மூன்று மணி நேரம் எரிந்தது. இப்போது ஐந்து மணி நேரத்துக்குக் கூடவே எரிகிறது. ஒரு கன மீட்டர் வாயு 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம் என்பார்கள். அந்தக் கணக்கில் ஊறுகாயால் மட்டும் எனக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான நாளில் ஒரு சிலிண்டர் மிச்சம். வருஷத்துக்கு வேண்டிய புல் 3 டன், வரப்பில் நாலைந்து சென்ட் இடம். வேலை தினம் அரை மணி நேரம். வெறும் சிலிண்டர் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஸ்லரிதான் முதல் கணக்கு. தொட்டியில் வாயுவாகப் போவது கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழை, மணி, சாம்பல் சத்து அனேகமாக முழுசாக ஸ்லரியில் நிற்கிறது. அதிலும் தழைச்சத்து பயிர் உடனே எடுக்கும் வடிவத்தில் இருக்கிறது. வெயிலில் காயப்போட்டால் அது ஆவியாகப் பறந்துவிடும். பாசனத் தண்ணீரோடோ மூடாக்குக்கு அடியிலோ விட வேண்டும். என் வரப்புப் புல் எடுத்த சத்து, மூன்று மாதத்தில் என் வாழையின் வேருக்கே வந்துவிடுகிறது.

தம்பிக்குச் சொன்ன கணக்கு

"அப்போ பெருசா செஞ்சா பெரிய லாபந்தான அண்ணாச்சி?" என்றான் தம்பி.

பெரிதாகச் செய்து பார்த்த நாடு ஜெர்மனி. அங்கே 2000-ல் புதுப்பிக்கும் மின்சாரத்துக்கு நிலையான விலை தரும் சட்டம் வந்தது. 2004-ல், வாயுவுக்கென்றே பயிர் வளர்த்தால் கூடுதல் விலை என்றார்கள். ஒரு டன் மக்காச்சோள ஊறுகாயில் சுமார் 200 கன மீட்டர் வாயு வருகிறது, அங்கத்து மாட்டுச் சாணக் கரைசலில் 25 கன மீட்டர்தான். உழவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆலைகள் எழுந்தன. வாயுவுக்கென்றே ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேரில் மக்காச்சோளம். நமது தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் சேர்ந்து பாய்வது 86,107 ஏக்கர். அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல் நிலம், அடுப்புக்கு அல்ல, தொட்டிக்கு விளைந்தது. குத்தகை ஏறியது, புல்வெளிகள் உழப்பட்டன, ஊர் முழுக்க ஒரே பயிர் என்று அங்கேயே எதிர்ப்பு கிளம்பியது. 2012-ல் சட்டத்தைத் திருத்தி, புது ஆலைகள் மக்காச்சோளத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் போடக் கூடாது என்று கட்டினார்கள்.

நம் நாட்டில் 2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' திட்டத்தைத் தொடங்கியது முதல் இந்த வாயுவுக்குச் சந்தை வந்திருக்கிறது. 2022-ல் பஞ்சாப் லெஹ்ராகாகாவில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் ஆலை திறந்தது, நாளுக்கு 33 டன் வாயு எடுக்கும் அளவு. அதன் தீனி வைக்கோல். அங்கே வைக்கோலை வயலில் கொளுத்துகிறார்கள், அதனால் அது பொருந்துகிறது. நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்தில் எடுக்கிறார்கள், அதுவும் சரி. நம் பக்கம் வைக்கோலை யார் கொளுத்துகிறார்கள்? படப்புக்குப் போகிறது, மிஞ்சினால் புளியரை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. இங்கே ஆலைக்குத் தீனி வேண்டுமென்றால் நஞ்சையில் புதிதாகப் பயிரிட்டால்தான் உண்டு.

ஆகவே ஒரு ஏக்கர் கணக்கைத் தரையில் குச்சியால் போட்டுக் காட்டினேன். கோ-5 ஹெக்டேருக்கு வருஷம் 360 டன் வரும் என்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு 145 டன் ஆகிறது. நம் கையில் பாதிதான் விளையும் என்று வை, 70 டன். ஐந்தில் ஒரு பங்கு உலர் எடை, 14 டன். அதில் 200 கிலோவுக்கு மேல் தழைச்சத்து, சாம்பல் சத்து தனி. ஒரு டன் நெல் விளைய மண் கொடுப்பது 15 முதல் 20 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் எடுத்தாலும் 40 கிலோ தாண்டாது, வைக்கோல் மாட்டு வழியாக மறுபடி வயலுக்கு வரும். புல் லாரியில் ஏறி நாற்பது மைல் போனால் அந்த 200 கிலோவும் ஸ்லரியாக ஆலை வாசலில் நிற்கும். அது உன் வயலுக்குத் திரும்பி வருமா? லாரி வாடகை யாருடையது? தண்ணீரைச் சுமந்துகொண்டு ஸ்லரி லாரி ஓடினால் கட்டுபடியாகுமா?

தண்ணீர் இன்னொன்று. நேப்பியருக்குப் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர், வருஷம் முழுக்க. நம் காலில் கார், பிசானம் இரண்டு பூவுக்குத்தான் தண்ணீர். பாபநாசத்தில் நீர் இல்லாத வருஷம் காருக்கே திறப்பதில்லை. கோடையில் கால் அடைத்தபின் புல்லுக்கு எங்கே போவாய்? அறுவடை இயந்திரம் வருஷத்துக்கு ஏழு தரம் ஈர நஞ்சையில் ஏறி இறங்கினால் களிமண் என்னாகும்? ஒப்பந்தம் முடிந்தால் அந்தத் தூரை எடுக்க ஆகும் செலவு யாருக்கு?

தம்பி மறுநாளே முகவருக்குப் போன் போட்டு ஸ்லரியைப் பற்றிக் கேட்டிருக்கிறான். காயவைத்து மூட்டை போட்டு இயற்கை உரமாக விற்போம், புல் கொடுக்கிறவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்ததாம். "எம் புல்லுல எடுத்தத எனக்கே விக்கானாம் அண்ணாச்சி" என்று சிரித்தான்.

ஊரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கிணற்றுப் பாசனத்தில் மேட்டுப் புஞ்சை, அவருக்கு அது ஒத்துவரலாம். இன்னொருவர் நஞ்சையிலேயே நடுகிறார், வெளியூரில் வேலை, நெல்லுக்கு ஆள் நிறுத்த முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி காருக்கு அம்பை-16 நாற்றுப் பாவியிருக்கிறான். போன வாரம் இரண்டு நீல டிரம்மோடு வந்து எங்கள் தொழுவத்தில் இறக்கினான். அவன் வீட்டில் மாடு ஒன்றுதான், ஒரு கன மீட்டர்த் தொட்டி ஒன்று தூர்ந்து கிடக்கிறது. ஒரு மாட்டுச் சாணத்துக்கு எத்தனை கிலோ ஊறுகாய் வரை தாங்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அரைக் கிலோவில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். அமிலக் காகிதம் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.